ஒரே தேடல் சொல்லுக்கு நம் தளத்தின் பல பக்கங்கள் மாறி மாறி வருகின்றன: ஒன்றாக இணைப்பதா, தனித்தனியாகப் பிரிப்பதா?

சக்கரவலை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சைக்கிள் பழுதுபார்ப்பையும் பராமரிப்பையும் பற்றிய இணையதளம் ஒன்றின் உள்ளடக்கத்தை நான் கவனித்துவருகிறேன். தளம் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு ஆட்கள் எழுதிய கட்டுரைகள் அதில் சேர்ந்திருக்கின்றன. கருவிகளையும் உதிரி பாகங்களையும் வகைவாரியாகக் காட்டும் பக்கங்களும் இருக்கின்றன. இவற்றுள் சில பக்கங்கள் ஒரே கீவேர்டுக்காக, அதாவது ஒரே தேடல் சொல்லுக்காக, தமக்குள்ளேயே போட்டியிட்டுக்கொள்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். "சைக்கிள் செயின் சுத்தம் செய்வது எப்படி" என்று தேடுபவர்களுக்கு எங்கள் தளத்தின் மூன்று பக்கங்கள் மாறி மாறிக் காட்டப்படுகின்றன. முதலாவது, அதே தலைப்பில் முன்பே எழுதப்பட்ட கட்டுரை. இரண்டாவது, "சைக்கிள் செயின் பராமரிப்பு: முழு வழிகாட்டி" என்று பின்னர் வெளியான நீளமான கட்டுரை, சுத்தம் செய்வது, எண்ணெய் இடுவது, எண்ணெய் வகைகள் எல்லாமே அதில் உண்டு. மூன்றாவது, செயின் கிளீனர்களையும் பிரஷ்களையும் பட்டியலிடும் வகைப் பக்கம். சில நாட்கள் பழைய கட்டுரை முதல் பக்கத்தின் அடிப்பகுதியை எட்டுகிறது. பிறகு அது மறைந்து, வழிகாட்டி இரண்டாம் பக்கத்தில் தலைகாட்டுகிறது. இடையிடையே, செய்முறையைத் தேடி வந்தவருக்குச் சிறிதும் உதவாத அந்த வகைப் பக்கம் வருகிறது. எதுவும் ஓரிடத்தில் நிலைபெறுவதில்லை.

எங்கள் குழுவில் இதற்கு நான்கு யோசனைகள் உள்ளன. பழைய கட்டுரையில் வழிகாட்டியைச் சுட்டும் கனோனிக்கல் டேக் (எது முதன்மை முகவரி என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு) போடலாம் என்கிறார் ஒருவர். நோஇண்டெக்ஸ் (பக்கத்தைத் தேடல் முடிவுகளில் சேர்க்க வேண்டாம் என்ற குறிப்பு) போட்டுவிட்டால் போதும் என்கிறார் மற்றொருவர். பழையதை அழித்துவிடலாம் என்பது மூன்றாவது யோசனை. தலைப்புகளை மட்டும் மாற்றினால் போதும் என்பது நான்காவது. இதற்கிடையில், நாங்கள் பயன்படுத்தும் எஸ்இஓ (தேடல் முடிவுகளில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) கருவி ஒன்று, ஒன்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் தோன்றும் தேடல் சொற்கள் என்று மிக நீண்ட பட்டியலைக் கொடுத்திருக்கிறது. அத்தனையும் உண்மையிலேயே சிக்கல்தானா? உண்மையான போட்டியை எப்படி அடையாளம் காண்பது, எந்தப் பக்கத்தை வைத்துக்கொள்வது, இனி எழுதும் பக்கங்களில் இது நேராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தேடல்வாசி மறுமொழி:

வணக்கம் நண்பரே. நான்கு யோசனைகளுள் எதையும் கையில் எடுப்பதற்கு முன், அந்த நீண்ட பட்டியலை ஒதுக்கி வையுங்கள். ஒரு தேடல் சொல்லுக்கு இரண்டு பக்கங்கள் பதிவாகியிருக்கின்றன என்பது ஒரு செய்தி மட்டுமே. அது நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம், நல்ல உடல்நிலையின் அடையாளமாகவும் இருக்கலாம். நிலையாக மூன்றாம் இடத்தில் ஒரு பக்கமும் நான்காம் இடத்தில் இன்னொரு பக்கமும் நிற்குமானால், அதைக் கெடுக்க யாரும் விரும்பமாட்டோம். கூகுளே 2019 ஜூன் மாதத்தில், முதன்மையான முடிவுகளில் ஒரே தளத்திலிருந்து இரண்டுக்கு மேற்பட்ட பக்கங்களைப் பொதுவாகக் காட்டுவதில்லை என்று அறிவித்தது. அதாவது, இரண்டு வரை வருவது அதன் பார்வையில் இயல்பான நிலைதான்.

உங்கள் தளத்தின் பெயரைத் தேடும் சொற்களை முதலில் பட்டியலிலிருந்து நீக்குங்கள். பெயரைத் தேடும்போது முதல் முடிவுக்குக் கீழே தளத்தின் பல பக்கங்களுக்கான சிறு இணைப்புகள் வருகின்றன அல்லவா, அவை ஒவ்வொன்றும் சர்ச் கன்சோலில் (தளம் தேடலில் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் கூகுளின் கருவி) தனிப் பக்கமாகக் கணக்கிடப்படும். எல்லாவற்றுக்கும் ஒரே இடம் குறிக்கப்படும். கருவி இதைப் பார்த்துப் போட்டி என்று சொல்லிவிடுகிறது. அதேபோல, முகவரியின் முடிவில் # குறியோடு ஒரே கட்டுரையின் உட்பகுதிகளைச் சுட்டும் வரிகள் இருந்தால், அவையும் ஒரே பக்கந்தான். இவ்விரண்டையும் களைந்தாலே பட்டியல் கணிசமாகச் சுருங்கும்.

மீதமுள்ளவற்றைச் சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். தேடல் சொல்லைத் துல்லியமான பொருத்தத்தில் வடிகட்டிவிட்டு, பக்கங்கள் என்ற பிரிவைத் திறந்தால் அந்தச் சொல்லுக்குத் தோன்றிய முகவரிகள் எல்லாம் தெரியும். அங்கேயே நின்றுவிடாமல், பக்க வடிகட்டியில் உள்ள ஒப்பிடும் வசதியில் பழைய கட்டுரையையும் வழிகாட்டியையும் கொடுத்து, நாள்வாரி வரைபடத்தில் இரண்டின் இம்ப்ரெஷன் (முடிவுகளில் தோன்றிய எண்ணிக்கை) கோடுகளையும் பாருங்கள். 16 மாதத் தரவு அதில் கிடைக்கும். ஒரு கோடு விழும் அதே நாளில் மற்றது எழுந்து, அது விழும்போது இது எழுந்து, இரண்டும் ஒன்றின் இடத்தை ஒன்று பிடித்துக்கொண்டே போனால், தேடுபொறியால் இரண்டுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்று கொள்ளலாம். இரண்டு கோடுகளும் ஒருங்கே ஏறி ஒருங்கே இறங்கினால், அது பருவத்துக்கு ஏற்ப மாறும் தேடல் அளவாகவோ தளம் முழுவதையும் பாதித்த மாற்றமாகவோ இருக்கும். பக்கங்களை இணைப்பதால் அது சரியாகாது.

இங்கே பலர் தடுமாறும் ஓர் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். அறிக்கையில் தேடல் சொற்களின் பட்டியலை மட்டும் பார்க்கும்போது, எண்கள் தளம் என்ற அளவில் கூட்டப்படுகின்றன. ஒரே முடிவுப் பக்கத்தில் உங்களுடைய இரண்டு பக்கங்கள் தோன்றினாலும் அது ஒரு இம்ப்ரெஷன்தான். இடமாகக் கொள்ளப்படுவது இரண்டில் மேலே இருப்பதன் இடம். பக்கவாரியாகப் பார்க்கத் தொடங்கியவுடன் ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணப்படும். ஆகையால் பக்கங்களின் இம்ப்ரெஷன்களைக் கூட்டினால் முதலில் கண்ட எண்ணைவிட அதிகமாக வரக்கூடும். உண்மையில் அந்த வேறுபாடே உங்களுக்கு ஒரு தகவலைத் தருகிறது: கூட்டுத்தொகை ஏறக்குறையச் சமமாக இருந்தால், பக்கங்கள் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வருகின்றன, கூட்டுத்தொகை மிக அதிகமாக இருந்தால், அவை ஒன்றாகவே தோன்றுகின்றன. நீங்கள் விவரிப்பது முதல் வகை என்று நினைக்கிறேன்.

சராசரி இடத்தையும் எச்சரிக்கையோடு பாருங்கள். வகைப் பக்கம் விரல்விட்டு எண்ணக்கூடிய முறைகளே தோன்றி, அப்போதெல்லாம் மேலே இருந்திருந்தால், அதன் சராசரி மிக அழகாகத் தெரியும். இம்ப்ரெஷன் எண்ணிக்கையை அருகில் வைத்துக்கொள்ளாமல் சராசரியை மட்டும் நம்பி எந்தப் பக்கத்தையும் வெற்றிபெற்றதாக முடிவு செய்யாதீர்கள்.

இதற்குப் பிறகு வருவதே முதன்மையான கேள்வி: அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்பவருக்கு என்ன வேண்டும்? அந்தத் தேடலை நீங்களே செய்து, முதல் பக்கத்தில் பிறருடைய எந்த வகைப் பக்கங்கள் நிற்கின்றன என்று பாருங்கள். எல்லாமே படிப்படியான செய்முறைகளாக இருந்தால், உங்கள் வகைப் பக்கத்துக்கு அங்கே வேலையில்லை. செய்முறையும் முழு வழிகாட்டியும் கலந்து நின்றால், உங்கள் இரண்டு கட்டுரைகளும் ஒரே தேவையைத்தான் நிறைவேற்ற முயல்கின்றன. தேவை ஒன்றென்றால் பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். தேவைகள் இரண்டென்றால், சொற்கள் எவ்வளவு நெருங்கியிருந்தாலும் பக்கங்களைப் பிரித்தே வையுங்கள். கீவேர்டு ஒத்திருக்கிறதா என்று பார்த்து முடிவெடுத்தவர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பக்கங்களையும் சேர்த்து அழித்ததைத்தான் நான் மிகுதியாகக் கண்டிருக்கிறேன்.

வலைத்தச்சன் மறுமொழி:

தேடல்வாசி கூறியதோடு முழுமையாக உடன்படுகிறேன். பழைய கட்டுரையும் வழிகாட்டியும் ஒரே தேவைக்கானவை என்பது வரைபடத்தில் உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்பதைப் பற்றி எழுதுகிறேன்.

உங்கள் குழுவின் யோசனைகளுள் கனோனிக்கல் டேக் இந்த வேலைக்கு உரியதன்று. 2009 பிப்ரவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்றும் சேர்ந்து அதை அறிமுகப்படுத்தியது, ஒரே உள்ளடக்கம் பல முகவரிகளில் கிடைக்கும் நிலையைச் சமாளிப்பதற்காக. வரிசைப்படுத்தும் குறியீடுகள் சேர்ந்த முகவரி, அச்சிடுவதற்கான வடிவம் போன்றவற்றுக்கு அது பொருத்தமானது. உங்களிடம் இருப்பவையோ, வெவ்வேறு சொற்களில் எழுதப்பட்ட இரண்டு தனிக் கட்டுரைகள். கூகுள் அந்த டேகை ஒரு குறிப்பாகவே எடுத்துக்கொள்கிறது, கட்டளையாக அல்ல. உள்ளடக்கம் ஒத்துப்போகவில்லை என்று கண்டால் அதைப் பொருட்படுத்தாமல் விடும். சர்ச் கன்சோலின் முகவரி ஆய்வுக் கருவியில் நீங்கள் குறித்த கனோனிக்கல் ஒன்றாகவும் கூகுள் தேர்ந்தெடுத்தது வேறொன்றாகவும் காட்டப்படுவது இப்படித்தான்.

நோஇண்டெக்ஸ் போட்டால் பழைய கட்டுரை தேடலிலிருந்து விலகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அத்தனை ஆண்டுகளாக வெளித்தளங்களிலிருந்து அதற்குக் கிடைத்த இணைப்புகளின் பயன் வழிகாட்டிக்கு வந்து சேராது. தளத்துக்குள் தேடினால் வரும் முடிவுப் பக்கங்கள், ஒரே ஒரு கட்டுரையைக் கொண்ட குறிச்சொல் பக்கங்கள் ஆகியவற்றுக்கு நோஇண்டெக்ஸ் மிகச் சரியான மருந்து. அங்கேயும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: நோஇண்டெக்ஸ் இட்ட பக்கத்தை ரோபோட்ஸ் கோப்பில் (எந்தப் பக்கங்களைத் திறக்கக் கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் கோப்பு) தடுத்துவிடக் கூடாது. தடுத்துவிட்டால் தேடுபொறி அந்தப் பக்கத்தைத் திறக்கவே முடியாது. திறக்காதபோது நோஇண்டெக்ஸ் என்ற சொல் அதன் கண்ணில் படாது.

ஆகவே செய்ய வேண்டியது, இரண்டையும் ஒரே கட்டுரையாக்கி, விலகும் முகவரியிலிருந்து நிற்கும் முகவரிக்கு 301 ரீடைரக்ட் (வருபவரை நிரந்தரமாகத் திருப்பிவிடுதல்) கொடுப்பது. எந்த முகவரி நிற்க வேண்டும் என்பதற்கு, எது நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பதை அளவுகோலாகக் கொள்ள வேண்டியதில்லை. எழுத்தை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். வெளித்தளங்களின் இணைப்பு எதற்கு அதிகம், அனைத்துத் தேடல் சொற்களையும் சேர்த்துப் பார்த்தால் எது அதிகக் கிளிக் பெறுகிறது, எந்த முகவரியில் ஆண்டு எண் போன்று காலாவதியாகும் சொல் இல்லை என்ற மூன்றையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பல நேரங்களில் பழைய முகவரியில் புதிய கட்டுரையை வைப்பதே சிறந்த விடையாக அமையும்.

இணைக்கும் வேலையில் அவசரம் வேண்டாம் என்று மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். விலகப்போகும் பக்கத்தைச் சர்ச் கன்சோலில் வடிகட்டி, அது வேறு எந்தெந்தச் சொற்களுக்குக் கிளிக் பெறுகிறது என்பதை ஒரு வரி விடாமல் படியுங்கள். உங்கள் பழைய கட்டுரையின் கடைசியில் செயினின் தேய்மானத்தை அளவுகோலால் அளக்கும் முறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: செயினின் ஒரு முழுக் கண்ணி 1 அங்குலம், ஆகவே 12 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும், அது 12 1/16 அங்குலத்தைத் தொட்டால் ஏறக்குறைய 0.5 சதவீதம் நீண்டுவிட்டது, மாற்றும் காலம் வந்துவிட்டது என்ற ஒரு பத்தி. "செயினை எப்போது மாற்ற வேண்டும்" என்று தேடுபவர்கள் அந்த ஒரு பத்திக்காகவே அங்கே வந்துகொண்டிருக்கலாம். செயினைச் சுத்தம் செய்ய உட்கார்ந்திருப்பவரும், செயினை மாற்றலாமா என்று யோசிப்பவரும் வெவ்வேறு தேவையோடு வருகிறவர்கள். அந்தப் பத்தியை வழிகாட்டியின் நடுவில் புதைத்துவிட்டால், ஒரு போட்டியை நீக்கிய அதே கையால் வேறொரு வாசகர் கூட்டத்தையே இழப்பீர்கள். அதைத் தனிப் பக்கமாக வளர்த்து, வழிகாட்டியிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுங்கள். கட்டுரைகளை ஒன்றாக்கும் வேலையின் முடிவில் பக்கங்களின் எண்ணிக்கை குறையாமலே போகலாம், அதனால் தவறில்லை.

ரீடைரக்ட் கொடுத்தபின், தளத்துக்குள் பழைய முகவரியைச் சுட்டும் இணைப்புகள் அனைத்தையும் நேரடியாகப் புதிய முகவரிக்கு மாற்றுங்கள். சைட்மேப்பிலிருந்து (தேடுபொறிக்குத் தரும் தளத்தின் முகவரிப் பட்டியல்) பழையதை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே வேறொரு முகவரி பழைய கட்டுரைக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தால், அதையும் நேராக இறுதி முகவரிக்கே திருப்புங்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித்தாவிச் செல்லும் தொடர் வேண்டாம். குறைந்தது 1 ஆண்டாவது ரீடைரக்டை வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் அறிவுரை. நிரந்தரமாகவே வைத்திருப்பது வாசகர்களுக்கு நல்லது. வெறுமனே அழித்துவிடுவதையோ, பொருத்தமான பக்கம் கிடைக்கவில்லை என்று முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவதையோ செய்யாதீர்கள். முகப்புக்குத் திருப்பிய முகவரியை, பக்கமே இல்லாததற்குச் சமமாகத் தேடுபொறி கருதக்கூடும். படிக்க வந்தவருக்கும் தாம் எங்கே வந்து சேர்ந்தோம் என்பது புரியாது.

உள்ளிணைப்பு மறுமொழி:

மேலே இருவரும் கட்டுரைகளைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார்கள். வகைப் பக்கத்தைப் பற்றி நான் சேர்க்க வேண்டியது இருக்கிறது, ஏனெனில் அதை இணைக்கவும் முடியாது, நீக்கவும் கூடாது. செயின் கிளீனர் வாங்க நினைத்துத் தேடுபவருக்கு அந்தப் பக்கம் கட்டாயம் வேண்டும். அது செய்முறைத் தேடலில் ஏன் நுழைகிறது என்ற காரணத்தைக் கண்டுபிடித்து, அந்தக் காரணத்தை மட்டும் களைய வேண்டும்.

எனக்குத் தெரிந்தவரை, காரணம் பெரும்பாலும் இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கும். வகைப் பக்கத்தின் அடியில், பொருட்பட்டியலுக்குக் கீழே, யாரும் படிக்காத நீண்ட உரை ஒன்றை எஸ்இஓவுக்காக என்று சேர்த்திருப்பார்கள். அதில் "செயினைச் சுத்தம் செய்வது எப்படி" என்றே ஓர் உட்தலைப்பு இருக்கும். அந்த உரையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எந்த வகைச் செயினுக்கு எந்தக் கிளீனர் பொருந்தும் என்று தேர்ந்தெடுக்க உதவும் சில வரிகளை எழுதி, செய்முறைக்கு ஓர் இணைப்பை மட்டும் கொடுத்தால், பக்கம் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கும்.

இரண்டாவது இடம், தளத்தின் உள்ளிணைப்புகளில் வரும் சொற்கள். இதை யாரும் கவனிப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தமளிக்கும் விஷயம். மேல்பட்டியில் "செயின் சுத்தம்" என்று பெயரிட்டு வகைப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தால், தளத்தின் ஒவ்வொரு பக்கமும் தேடுபொறியிடம் செயின் சுத்தம் செய்வதற்கு உரிய பக்கம் அதுதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. கட்டுரைகளுக்குள்ளும் இதே நிலைதான்: ஒருவர் "செயினைச் சுத்தம் செய்து" என்ற சொற்களில் பழைய கட்டுரையை இணைத்திருப்பார், மற்றொருவர் அதே சொற்களில் வழிகாட்டியை இணைத்திருப்பார், வேறொருவர் பொருட்பக்கத்தை இணைத்திருப்பார். தளமே மூன்று விதமாகப் பேசும்போது தேடுபொறியால் ஒரு முடிவுக்கு வர இயலாது. தளத்தை ஒரு முறை க்ரால் செய்து (எல்லாப் பக்கங்களையும் ஒரு கருவியால் தானாகத் திறந்து படிக்கவைத்து), உள்ளிணைப்புச் சொற்களையும் அவை சென்று சேரும் முகவரிகளையும் அருகருகே வைத்து வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரே சொல்லுக்கு இரண்டு முகவரிகள் இருக்கும் வரிகள் உடனே கண்ணில் படும். சிறிய தளமாக இருந்தால், ஒரு தளத்துக்குள் மட்டும் தேட உதவும் சைட் (site:) என்ற தேடல் கட்டளையோடு அந்தச் சொற்களைச் சேர்த்துத் தேடி, வரும் பக்கங்களைத் திறந்து பார்த்தாலும் போதும்.

தலைப்பை மட்டும் மாற்றுவது என்ற உங்கள் நான்காவது யோசனை வகைப் பக்கத்துக்கு ஓரளவு பயன்படும், கட்டுரைகளுக்குப் பயன்படாது. உள்ளே இருப்பது ஒன்றாகவே இருக்கும்போது மேலே உள்ள பெயரை மாற்றுவதால் தேவை இரண்டாகப் பிரிந்துவிடாது. மேலும், முடிவுகளில் தெரியும் தலைப்பை, பக்கத்தில் உள்ள பிற சொற்களைக்கொண்டு கூகுள் தானாகவே மாற்றி எழுதுவதும் உண்டு.

ஒரு சொல் உபரியாக: "சைக்கிள் செயின்", "மிதிவண்டிச் சங்கிலி" என்று ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்கள் இருப்பதாலேயே இரண்டு பக்கங்கள் எழுத வேண்டாம். இரண்டு பெயர்களையும் ஒரே கட்டுரையில் இயல்பாகப் பயன்படுத்தினால் போதுமானது. தளத்துக்கு வேறு மொழிப் பதிப்பு இருந்தால் அது வேறு கதை. ஒரே கட்டுரையின் இருமொழி வடிவங்கள் போட்டியாளர்கள் அல்ல, ஹெச்ரெஃப்லாங் (எந்தப் பக்கம் எந்த மொழிக்கு உரியது என்று சொல்லும்) குறிப்பால் அவற்றை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தினால் போதும்.

சக்கரவலை மறுமொழி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் கூறியபடி பார்த்ததில் பல விஷயங்கள் தெளிவாகிவிட்டன. தளத்தின் பெயர் சார்ந்த சொற்களையும் # குறியுள்ள முகவரிகளையும் நீக்கியபின், கருவி தந்த பட்டியலில் மிகச் சிறிய பகுதியே எஞ்சியது. பழைய கட்டுரை, வழிகாட்டி ஆகியவற்றின் கோடுகள் ஒன்று ஏறும்போது மற்றது இறங்குவது வரைபடத்தில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. பக்கவாரிக் கூட்டுத்தொகையும் தளவாரி எண்ணுக்கு மிக அருகில் இருக்கிறது. வலைத்தச்சன் சொன்ன தேய்மானப் பத்தி உண்மையிலேயே எங்கள் பழைய கட்டுரையில் இருப்பதும், "செயின் நீண்டுவிட்டதா என்று பார்ப்பது" போன்ற சொற்களுக்கு அது நிலையாகக் கிளிக் பெற்றுவருவதும் எங்கள் குழுவில் எவரும் இதுவரை கவனிக்காதவை. வகைப் பக்கத்தைப் பொறுத்தவரை, மேல்பட்டியில் அதன் பெயர் "செயின் சுத்தம்" என்றே இருக்கிறது.

இன்னும் இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. மாற்றங்களைச் செய்தபின் எவ்வளவு காலம் காத்திருந்து, எதை வைத்து அவை பலன் தந்தன என்று முடிவு செய்வது? அத்துடன், எங்களிடம் பலர் எழுதுவதால், புதிய கட்டுரை ஒன்று பழையதன் இடத்தில் வந்து விழாமல் தடுப்பதற்கு நடைமுறையில் எளிதான வழி எது?

தேடல்வாசி மறுமொழி:

காத்திருக்கும் காலத்தைப் பற்றி முதலில். ரீடைரக்ட் கொடுத்தவுடன் பழைய முகவரி மறைந்துவிடாது. தேடுபொறி அந்த முகவரிக்கு மீண்டும் வந்து பார்த்தால்தான் அது தெரியவரும். அடிக்கடி பார்க்கப்படும் பக்கமாக இருந்தால் சில நாட்களில் நடக்கும், அரிதாகப் பார்க்கப்படுவதாக இருந்தால் பல வாரங்கள் ஆகும். நிற்கும் முகவரியை முகவரி ஆய்வுக் கருவியில் கொடுத்து மறுபதிவுக்குக் கோரலாம். இந்த இடைக்காலத்தில் எண்கள் மேலும் கீழும் ஆடுவது வழக்கம். அதைக் கண்டு பதறி, ரீடைரக்டை எடுத்துவிட்டுப் பழைய கட்டுரையைத் திரும்ப வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் தேடுபொறிக்கு முன்னைவிட அதிகக் குழப்பம்தான் மிஞ்சும்.

அளக்கும்போது, நிற்கும் பக்கத்தின் இன்றைய கிளிக்குகளை அதே பக்கத்தின் முந்தைய கிளிக்குகளோடு ஒப்பிட்டால் முன்னேற்றம் மிகையாகத் தெரியும். முன்பு இரண்டு கட்டுரைகளும் சேர்ந்து பெற்ற கிளிக்குகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். புதிதாகப் பிரித்தெடுத்த தேய்மானப் பக்கத்தின் கிளிக்குகளையும் இன்றைய கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள் ஓட்டுவது பருவத்தைச் சார்ந்தது என்பதால், முந்தைய மாதத்தோடு ஒப்பிடாமல் சென்ற ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிடுவதே நியாயமானது. 16 மாதத் தரவே அங்கே தங்கும் என்பதை முன்னிட்டு, மாற்றத்துக்கு முன்பே இரண்டு பக்கங்களின் எண்களையும் தரவிறக்கி வைத்துவிடுங்கள். மேல்பட்டியின் பெயரை மாற்றுவதையும் கட்டுரைகளை இணைப்பதையும் ஒரே நாளில் செய்யாமல் சில வாரங்கள் இடைவெளி விட்டால், எது எதனால் நடந்தது என்று பிறகு சொல்ல முடியும். முதலில் மேல்பட்டியை மாற்றுங்கள். அது எளிது, திரும்பப் பெறவும் இயலும்.

தடுப்பதற்கு, எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரே ஓர் அட்டவணையை வைத்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரி. முகவரியும் முதன்மைத் தேடல் சொல்லும் அதில் இருக்கட்டும்; ஆனால் அட்டவணையின் உயிர், "யார், எந்த நிலையில், எதைத் தெரிந்துகொள்ள இங்கே வருகிறார்" என்று ஒரே வாக்கியத்தில் எழுதும் கட்டத்தில்தான் இருக்கிறது. உங்கள் மூன்று பக்கங்களுக்கும் நான் எழுதினால் இப்படி வரும்: "அழுக்கேறிய செயினைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் உள்ளதைக்கொண்டே அதை எப்படித் துடைத்து எண்ணெய் இடுவது என்று அறிய வருபவர்." "செயின் நழுவுவதைக் கவனித்து, அதை மாற்ற வேண்டுமா என்று அளந்துபார்க்க வருபவர்." "கிளீனர் வாங்க முடிவு செய்துவிட்டு, எதை வாங்குவது என்று ஒப்பிட வருபவர்." புதிய கட்டுரையை எழுத விரும்புபவர் முதலில் இந்த வாக்கியத்தை எழுதி, அட்டவணையில் உள்ள பிற வாக்கியங்களோடு ஒப்பிடட்டும். ஏற்கெனவே உள்ள வரியின் மறுபதிப்பாகவே அது வருமானால், அந்தக் கட்டுரை புதிய பக்கமாக வர வேண்டியதில்லை. பழைய பக்கத்துக்குள் ஒரு புதிய பகுதியாக வந்தால் வாசகருக்கும் நல்லது, எழுதியவரின் உழைப்பும் வீணாகாது. கீவேர்டை மட்டும் எழுதிவைக்கும் அட்டவணைகள் இந்த வேலையைச் செய்வதில்லை, ஏனென்றால் ஒரே தேவையை நூறு கீவேர்டுகளில் கேட்கலாம்.

வலைத்தச்சன் மறுமொழி:

அட்டவணையோடு சேர்த்து ஒரு நடைமுறையையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் "சிறந்த செயின் எண்ணெய்கள்" போன்ற கட்டுரைகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிய முகவரி உருவாக்குவது, போட்டியைத் திட்டமிட்டு வளர்ப்பதற்குச் சமம். முகவரியில் ஆண்டு இல்லாமல் வைத்து, தலைப்பிலும் உள்ளடக்கத்திலும் மட்டும் ஆண்டைப் புதுப்பியுங்கள். பழைய ஆண்டுகளின் முகவரிகள் ஏற்கெனவே இருந்தால் அவற்றை எல்லாம் அந்த ஒரே முகவரிக்குத் திருப்பிவிடுங்கள்.

கட்டுரை எழுதுபவர்கள் தாமாகவே புதுப்புதுக் குறிச்சொற்களை உருவாக்கும் உரிமையையும் கட்டுப்படுத்துவது நல்லது. "செயின்", "செயின் பராமரிப்பு", "செயின் சுத்தம்" என்று மூன்று குறிச்சொற்கள் இருந்தால், மூன்று தனிப் பக்கங்கள் தாமாகவே முளைத்து, அதே கட்டுரைகளை அதே வரிசையில் காட்டிக்கொண்டிருக்கும். உங்கள் தளத்தில் அப்படி எத்தனை இருக்கின்றன என்று சைட்மேப்பைத் திறந்து பாருங்கள். வாசகர் உண்மையில் பயன்படுத்தும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதற்கே திருப்பிவிடலாம்.

சக்கரவலை மறுமொழி:

சைட்மேப்பில் இப்போதே பார்த்தேன். செயின் சார்ந்த குறிச்சொற் பக்கங்கள் நான் எண்ணியதைவிட அதிகமாகவே இருக்கின்றன. எண்களைத் தரவிறக்கி வைத்துவிட்டு, இந்த வாரம் மேல்பட்டியின் பெயரைச் "செயின் கிளீனர்கள்" என்று மாற்றுகிறோம். அதன்பின் தேய்மானப் பக்கத்தை எழுதி வெளியிட்டு, அது தேடலில் பதிவான பிறகு கட்டுரைகளை இணைக்கலாம் என்று நினைக்கிறேன். இந்த வரிசை சரிதானா?

வலைத்தச்சன் மறுமொழி:

சரியான வரிசை. தேய்மானப் பக்கம் வெளியான நாளிலிருந்தே, பழைய கட்டுரையில் உள்ள அந்தப் பத்தியை இரண்டு வரிகளாகச் சுருக்கி, அங்கிருந்து புதிய பக்கத்துக்கு "செயினின் தேய்மானத்தை அளக்கும் முறை" என்ற சொற்களில் இணைப்புக் கொடுத்துவிடுங்கள். முழுப் பத்தியும் இரண்டு இடங்களிலும் இருந்தால், கட்டுரைகளை ஒன்றாக்கி முடிக்கும்வரை அவ்விரண்டும் அதே சொற்களுக்குப் போட்டியிடத் தொடங்கிவிடும்.